முதல் மாதம் இலவசம்

சிரம்பான் பட்டணத்தை ஒட்டிய எங்கள் ரஹாங்கில், பால்மரக் காட்டையும் லயத்து வீட்டையும் விட்டுக் குடிபெயர்ந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நீலாயில் கல்லூரிக்கும் கோலாலம்பூரில் உத்தியோகத்துக்குமாகக் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறார்கள். போகிற வழியெல்லாம் அவர்களுடைய கைப்பேசிக்குள்ளிருந்து பாட்டுக் கம்பெனியும் படக் கம்பெனியும் உடற்பயிற்சிக் கூடமும், மாணாக்கருக்குப் பாதி விலை, முதல் மாதம் இலவசம், இஷ்டமில்லையென்றால் விட்டுவிடலாம் என்று இனிய குரலில் அழைத்தவண்ணம் இருக்கின்றன. இந்த அழைப்புகளைப் பற்றி வாலிபர்களிடையேயும், அவர்களைக் காட்டிலும் அதிகமாக அவர்களைப் பெற்றவர்களிடையேயும் சில நம்பிக்கைகள் வேரூன்றியிருப்பதை என் தங்கை மகன் விஷயத்தில் நேரிலேயே காண நேர்ந்தபடியால், அவற்றைச் சற்றுப் பரிசீலிக்கலாம் என்று தோன்றியது.

பதினேழு வயது நிரம்பிச் சில மாதங்களே ஆகியிருந்த அந்தப் பிள்ளை, பேரங்காடி ஒன்றிலிருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஏழு நாள் இலவசப் பயிற்சியென்று போனான். ஏழாம் நாள் மாலையில், இருபத்துநான்கு மாத உறுப்பினர் பத்திரத்தில் கையெழுத்திட்டு, தாயாரின் வங்கி அட்டை எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினான். "ஒரு வாரம் ஃப்ரீதானே மாமா, என்னா போச்சு?" என்று போகும்போது சொன்னவன், வந்த பிறகு, "கையெழுத்துப் போட்டாச்சே மாமா, இனி என்னா செய்றது?" என்றான். நான் ஆராய எடுத்துக்கொண்ட நம்பிக்கைகளில் பாதி இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இலவசம் என்றால் விலையில்லாதது என்ற நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். இது நம்மவருக்குப் புதிதன்று. 1907ஆம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்றொன்று ஸ்தாபிக்கப்பட்டு, தோட்ட முதலாளிமாரிடம் வசூலித்த தொகையைக் கொண்டு, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளிக்குப் பயணச் செலவு இல்லை என்றாயிற்று. ஊரில் வறட்சியும் கடனும் கண்டு சலித்திருந்தவனுக்கு அது பெரிய உபகாரமாகவே தோன்றியிருக்கும். ஆனால் சீட்டுக்குப் பணம் கட்டிய முதலாளி அதைத் தர்மக் கணக்கில் எழுதவில்லை. அவருடைய கணக்கில் அது பால்வெட்டுக்கு ஆள் பிடிக்கும் செலவு, அவ்வளவே. அழைத்து வந்த கங்காணிக்கோ, தான் கொண்டுவந்த ஆட்களில் எத்தனை பேர் அன்றன்று விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நின்றார்கள் என்பதற்குத் தக்கபடி தலைக்காசு கிடைத்தது. ஆகையால், வந்தவன் திரும்பிப் போகாமல் தங்குவதே அவருடைய வருமானம். சகாயம் பெற்று வரும் இந்தக் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசாங்கம் தடுத்து நிறுத்தும் வரையில் இந்தக் கணக்கு நடந்தது.

லயத்தில் நம் முன்னோர் பட்ட துன்பத்துக்கும், கைப்பேசி வழியாகப் போகும் பதினைந்து வெள்ளிக்கும் ஒப்புச் சொல்வது பாவம். அப்படிச் சொல்ல நான் வரவில்லை. கணக்குப் போடுகிற முறை மட்டும் அதுவேதான் என்கிறேன். முதல் மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது கம்பெனிக்கு ஒரு பொருட்டில்லை. இரண்டாம் மாதத்துப் பெரட்டில் எத்தனை தலை நிற்கிறது என்பதையே அது எண்ணுகிறது. அந்தத் தலைகளில் சில பாட்டில் மனம் லயித்துத் தங்கியவை. மற்றவை தேதியை மறந்து தங்கியவை. இவ்விரு வகையாரிடமிருந்தும் பிடிக்கப்படும் தொகை ஒன்றே.

மாணாக்கர் சலுகை என்பது கல்வியின்பால் உள்ள அபிமானத்தால் கொடுக்கப்படுகிறது என்றும், மாணவர் அட்டை கையிலிருக்கும் வரை செல்லும் என்றும் எண்ணுவது இதன் கிளை நம்பிக்கை. 2013இல் மலேசியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை என்னும் பாட்டுக் கம்பெனியை உதாரணமாகக் கொண்டால், மாணவர் சந்தா சாதாரணச் சந்தாவில் ஏறத்தாழப் பாதி என்பது வாஸ்தவமே. ஆனால் வருஷத்துக்கொரு முறை தான் மாணவனென்று மறுபடியும் நிரூபிக்க வேண்டும், மொத்தத்தில் நான்கு வருஷத்துக்கு மேல் கிடையாது, நிரூபிக்கத் தவறினால் சந்தா நின்றுபோவதில்லை, முழு விலைக்கு ஏறிக்கொள்ளும். பதினெட்டு வயதில் சேர்த்து வைத்த ஆயிரம் பாட்டுப் பட்டியலை இருபத்திரண்டு வயதில், அதுவும் முதல் சம்பளம் கைக்கு வந்த மாதத்தில், யார் விட்டுவிட்டுப் போவார்கள்? சலுகையின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. இதில் அதர்மம் ஒன்றுமில்லை என்றே நான் நினைக்கிறேன். விவாகச் சந்தையில் வரதட்சிணை இல்லையென்று சொல்லிவிட்டுப் பிற்பாடு கேட்பவர்களைப் போலல்லாமல், இவர்கள் முன்கூட்டியே, சிறிய எழுத்திலாவது, எழுதி வைத்துவிடுகிறார்கள்.

கைப்பேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் அழிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. கடைக்குப் போவதை நிறுத்தினால் கடைக்காரரின் பற்றுப் புத்தகத்திலிருந்து பெயர் தானே மறைந்துவிடுமா? சந்தா இருப்பது கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலோ, அந்தக் கம்பெனியின் ஏட்டிலோ. அங்கே போய் ரத்து செய்தாலன்றி மாதந்தோறும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு நேர்மாறான அச்சம் ஒன்றும் உண்டு: சேர்ந்த அன்றே ரத்து செய்தால் இலவச நாட்கள் வீணாகிவிடுமே என்பது. பெரும்பாலான இடங்களில் அவ்விதம் ஆவதில்லை. ரத்து செய்த பின்பும் கெடு முடியும் வரை அனுபவிக்கலாம். சில கம்பெனிகள், முக்கியமாகத் தம் சொந்தச் சேவைகளின் விஷயத்தில் ஆப்பிள், உடனே கதவைச் சாத்திவிடுவதும் உண்டாகையால் முதலிலேயே நிபந்தனையைப் படித்துக்கொள்வது உசிதம். ஆப்பிள் வழியாகச் சேர்ந்தவர்கள் கெடு முடிவதற்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும் என்பதும் விதி. கடைசி நாள் இரவில் ஞாபகம் வருகிறவருக்கு அந்த ஞாபகத்தால் பிரயோஜனமில்லை.

இஷ்டமில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்ற வாசகம் இருக்கிறதே, அதைப் பற்றி அமெரிக்காவில் ஒரு ரசமான வழக்கு நடந்தது. 2023 ஜூன் மாதத்தில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் அமேசான் மீது தொடுத்த அவ்வழக்கில், பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு அந்தக் கம்பெனியார் தங்களுக்குள்ளேயே 'இலியட்' என்று பெயரிட்டிருந்தது வெளிவந்தது. பத்து வருஷம் நீண்ட ட்ராய் நகர முற்றுகையைப் பற்றிய காவியத்தின் பெயர் அது. நம்மவர் யாராவது அந்த அலுவலகத்தில் இருந்திருந்தால் மகாபாரதம் என்று வைத்திருப்பார். சேருவதற்கு ஒரு சொடுக்கு, விலகுவதற்குப் பதினெட்டுப் பர்வம் என்பதையே அந்தப் பெயர் ஒப்புக்கொள்கிறது. 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்துச் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி சந்தாதாரருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. இந்தியாவிலோ, நுகர்வோரை மயக்கும் பதின்மூன்று வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் அரசாங்கம் பட்டியலிட்டுத் தடை விதித்தபோது, சந்தாப் பொறி என்பதற்கும் அதில் ஓர் இடம் கொடுத்தது.

இனி, கையெழுத்துப் போட்டால் தப்ப முடியாது என்ற நம்பிக்கைக்கு வருவோம். எங்கள் வீட்டில் இரண்டு நாள் அடுப்பெரியாமல் செய்தது இதுதான்.

இந்நாட்டில் 1971ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒருவர் மேஜராவது பதினெட்டு வயதில். அதற்குக் குறைந்த வயதினர் செய்யும் ஒப்பந்தம், அத்தியாவசியப் பொருள், கல்வி உபகாரச் சம்பளம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 1950ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் கீழ்ச் செல்லாது என்பதை நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகின்றன. தசைநார் வளர்ப்பதை அத்தியாவசியம் என்று என் தங்கை மகன் வாதிக்கக்கூடும். நீதிபதி ஒப்புக்கொள்ள மாட்டார். பிறப்புப் பத்திரத்தின் நகலுடன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போனது. "சைன் பண்ணா பண்ணதுதான் சார்" என்று தொலைபேசியில் பிரசங்கம் செய்த விற்பனையாளர் அதற்குப் பிறகு பேசவேயில்லை. பிடித்த பணம் மூன்றாம் வாரத்தில் திரும்பி வந்தது.

பதினெட்டு முடிந்தவருக்கும் பரிகாரம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாத விஷயம். 1999ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, உடற்பயிற்சிக் கூடம், நடன வகுப்பு, அழகு நிலையம் ஆகியவற்றைப் போல இனி வரும் மாதங்களில் தொடர்ந்து அளிக்கப்போகும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்துகொள்ள இடங்கொடுக்கிறது. அப்போது வியாபாரி பிடித்துக்கொள்ளக்கூடியது ஒப்பந்தத் தொகை முழுவதிலும் ஐந்து சதவீதம், ஏற்கெனவே அளித்துவிட்ட சேவையின் மதிப்பு, உபயோகித்துத் தீர்ந்துபோன பொருளின் விலை போன்றவை மட்டுமே. இரண்டாயிரத்து நானூறு வெள்ளி ஒப்பந்தம் என்றால் அந்த ஐந்து சதவீதம் நூற்றிருபது வெள்ளி. பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று சுவரில் எழுதி மாட்டுவதால் சட்டத்தின் இந்தப் பிரிவு மாய்ந்துவிடாது; நியாயமற்ற ஒப்பந்த விதிகளைத் தள்ளிவிடுவதற்கென்றே 2010இல் தனி அத்தியாயம் ஒன்றும் அதே சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

வழக்கென்று போனால் வக்கீலுக்கு அழுதே தீரும் என்பவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை அறியாதவர்கள். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. ரஹாங்கில் ஒரு ரொட்டி சானாய்க்கும் தே தாரேக்கும் ஆகிற காசு. ஐம்பதாயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். மூன்று வருஷத்துக்குள் கொண்டுபோக வேண்டும். வக்கீல் வரக்கூடாதென்பதே விதியாதலால், எதிர்க்கட்சியும் வக்கீலை வைத்துப் பயமுறுத்த இயலாது. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: சிரம்பானில் பலகை மாட்டியிருக்கும் கூடத்தின் மீது இந்தத் தீர்ப்பாயத்தின் கை நீளும், கடலுக்கப்பால் உட்கார்ந்து சந்தா பிடிக்கும் கம்பெனியிடம் அது எவ்வளவு தூரம் நீளும் என்பது வேறு விஷயம். அதற்கு மருந்து வங்கி அட்டையிடமே இருக்கிறது: இலவச மாதத்துக்கென்று, பத்து வெள்ளிக்கு மேல் வைக்காத தனிக் கணக்கொன்றின் அட்டையைக் கொடுப்பது. ஆனால் கணக்கில் பணமில்லாவிட்டால் கடனே இல்லை என்று இதைப் பொருள் செய்துகொள்ளக் கூடாது. பன்னிரண்டு மாத ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தவன் அட்டையை வெறுமையாக்கினாலும் கடனாளியே.

முழு வருஷத்துக்கும் முன்பணம் கட்டினால் மலிவு என்பவர்கள் 2017 ஜூன் மாதத்தை நினைத்துக்கொள்ளலாம். ட்ரூ ஃபிட்னஸ் என்ற நிறுவனம் மலேசியாவிலுள்ள தன் உடற்பயிற்சிக் கூடங்களை அப்போது திடீரென்று மூடிற்று. பிற்பாடு வேறொரு நிறுவனம் உறுப்பினர்களை ஏற்றுக்கொள்ள முன்வந்ததென்றாலும், பூட்டிய கதவுக்கு முன்னால் பையுடன் நின்றவர்களுக்கு மலிவு என்ற சொல்லின் அர்த்தம் அன்று மாறியிருக்கும்.

அரசாங்கம் இளைஞருக்குக் கொடுத்ததையும் மின்பணப்பைக் கம்பெனிகளின் பரிசென்றே பலர் எண்ணினார்கள். 2021இல் இ-பெலியா என்றும் அடுத்த வருஷம் இ-பெமுலா என்றும் நூற்றைம்பது வெள்ளியும், 2023இல் இ-துனாய் பெலியா ரஹ்மா என்ற பெயரில் இருநூறு வெள்ளியும், பதினெட்டு முதல் இருபது வயதினருக்கும் முழுநேர உயர்கல்வி மாணாக்கருக்கும் கொடுக்கப்பட்டது பொதுப்பணமே. கெடுவுக்குள் செலவழிக்காவிட்டால் மறைந்துவிடும் பணம் அது. மின்பணப்பைகளோ, தங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தள்ளுபடிச் சீட்டுகளையும் கூடவே நீட்டின. இருநூறு வெள்ளி தீர்ந்த பின்பும் செயலி கைப்பேசியில் தங்கிவிடும் என்பது அவர்கள் அறியாததா?

எனக்கு உள்ளபடியே வருத்தம் தருவது வேறொரு நம்பிக்கை. பாடம் எழுதுவதற்கான மென்பொருளை ஒரு மாதம் இலவசமாகப் பார்த்துவிட்டு, பிறகு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று எண்ணி, பால்வெட்டுச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கல்வி அமைச்சு 2020 ஜூன் மாதத்தில் தொடங்கிய டெலிமா என்ற தளத்தின் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் மின்னஞ்சல் அடையாளத்தைக் கொண்டே கூகுள், மைக்ரோசாஃப்ட் சாதனங்களைப் பைசாச் செலவின்றி உபயோகிக்கலாம். பல்கலைக்கழக மின்னஞ்சல் உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் அந்த வசதி உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த கடவுச்சொல் எங்கோ பழைய புத்தகப் பைக்குள் கிடக்க, வீட்டில் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மருமகனின் கைப்பேசி திடீரென்று அலறிற்று. இலையை விட்டு எழுந்து போய், இடக்கையால் திரையை இரண்டு மூன்று இடத்தில் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். யாரென்று அவன் தாயார் கேட்டாள். புதிதாக ஏதோ பாட்டுச் சந்தாவில் சேர்ந்த அன்றே கெடு நாளுக்கு முன்தினத்துக்கு மணி வைத்திருந்தானாம். அந்த மணிக்கு ஒரு பெயரும் வைத்திருந்தான்.

"கங்காணிம்மா," என்றான். "பெரட்டுக்கு ஆள் வரலேன்னு சொல்லிட்டேன்."