கவிழ்ந்த பழச்சாறு

மேசைமேல் ஒரு பொம்மைக் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை கையை நீட்ட, பழச்சாற்று ஜாடி கவிழ்ந்து தரையெல்லாம் சாறு! ஆய்வாளர் கதையை இந்த இடத்தில் நிறுத்தி, எதிரிலிருக்கும் நான்கு வயதுக் குழந்தையைப் பார்த்து, “பிறகு என்ன நடந்தது? பொம்மைகளை வைத்துக் காட்டு” என்கிறார்.

இந்த முறையை 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் இங்கே பிரதர்ட்டன் முதலிய உளவியலார் உருவாக்கினர். “உன் குடும்பம் எப்படிப்பட்டது?” என்று கேட்டால் அந்த வயதில் பதில் வராது. ஆனால் கதையை முடிக்கத் தெரியும். அம்மா பொம்மை தரையைத் துடைக்கிறதா, திட்டுகிறதா, கவனிக்காமலே இருக்கிறதா? குடும்பத்தைப் பற்றிக் குழந்தையின் மனத்தில் உள்ள படம் இப்படி வெளிப்படுகிறது.

டேவிட் ஒப்பன்ஹைம் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தாயை அன்பானவளாகக் காட்டிய குழந்தைகளின் தாய்மாருக்கு மன உளைச்சல் குறைவாக இருந்தது. தவறு செய்தால் கண்டிக்கும் தாயைக் காட்டிய குழந்தைகளும் இவர்களோடு சேர்ந்தே நின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கண்டிப்பு வேறு, கடுமை வேறு!

இதைக் கொண்டு மட்டும், தாயின் மனநிலைதான் காரணம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அடங்காத பிள்ளையால் தாய்க்கு உளைச்சல் கூடியிருக்கலாம். வறுமை இருவரையும் வாட்டியிருக்கலாம். காரணத்தை அறியச் சோதனை வேண்டும்.

அத்தகைய சோதனை ஒன்றை எட்வர்ட் ட்ரானிக் 1978இல் வெளியிட்டார். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கைக்குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது. பயனில்லை என்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இங்கே தாய் நடித்தாள். மனச்சோர்வு நோய் கண்ட தாய்க்கோ, அன்பு இருந்தும் அதை முகத்தில் கொண்டுவர முடியாத நாட்கள் பல. பள்ளிக்குச் செல்லாத வயதில் குழந்தைக்கு நோய் என்று விளங்குவதில்லை. ‘என்னால்தான் அம்மா பேசவில்லை’ என்று எண்ணிவிடுகிறது.

ஆனால் ட்ரானிக் மற்றொன்றும் கண்டார். நலமான தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை. பிசகியதும் மீண்டும் சேர்ந்துகொள்கிறார்கள். குழந்தைக்கு முக்கியம் அந்தச் சேர்க்கையே. எனவே ‘எல்லாம் தாயின் குற்றம்’ என்னும் பேச்சுக்கு இங்கு இடமில்லை.

நோய் தீருமா? பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதீஃப் ரஹ்மான் குழுவினர் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டனர். மனச்சோர்வு கண்ட 903 கர்ப்பிணிகள் இதில் சேர்க்கப்பட்டனர். மாத்திரை இல்லை; மருத்துவரும் இல்லை. பள்ளிப்படிப்பு முடித்த சுகாதாரப் பணிப்பெண்கள் பயிற்சி பெற்று, 16 முறை வீட்டுக்குச் சென்று பேசினர். அவநம்பிக்கையான எண்ணங்களை இனங்கண்டு மாற்றப் பழக்கினர். ஒப்பிடுவதற்காக மற்றொரு பகுதித் தாய்மாரிடம், இப்பயிற்சி பெறாத பணிப்பெண்கள் அதே எண்ணிக்கையில் சென்று வந்தனர்.

குழந்தை பிறந்த ஆறாம் மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் சென்ற பகுதியில் 23 விழுக்காட்டினருக்கு மட்டுமே மனச்சோர்வு இருந்தது. மற்றதில் 53 விழுக்காடு. முதற் பகுதிக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவு. தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டதும் அவர்களுக்கே அதிகம். அவ்வீடுகளில் பெற்றோர் குழந்தையோடு விளையாடும் நேரமும் கூடியிருந்தது.