எடை குறைந்து பிறந்த குழந்தையும் இரத்தக் கசிவும்

"குழந்தை நல்லா இருக்கு, எடைதான் கொஞ்சம் கம்மி" என்று பிரசவ அறையிலிருந்து செய்தி வந்தால், எப்படி எடை கூட்டுவது என்றுதான் நாம் கேட்கிறோம். இந்தக் குழந்தைக்கு இரத்தம் சரியாக உறைகிறதா என்றும் கேட்க வேண்டும்.

பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் அது எடை குறைந்த குழந்தை. சில குழந்தைகள் மாதம் முந்திப் பிறப்பதால் சிறிதாக இருக்கின்றன. வேறு சில, மாதம் நிறைந்தும் கருவில் வளர வேண்டிய அளவு வளராமல் பிறக்கின்றன. தாயின் இரத்த அழுத்தம், கடும் இரத்தசோகை, புகையிலைப் பழக்கம் போன்றவற்றால் நஞ்சு சரியாக வேலை செய்யாமல் போவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நஞ்சு வழியாக வரும் பிராணவாயுவும் சத்தும் குறையும்போது, குழந்தையின் உடல் மூளைக்கும் இதயத்துக்கும் முதலிடம் கொடுக்கிறது. கல்லீரலுக்குப் போகும் பங்கு குறைகிறது. இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது அந்தக் கல்லீரல்தான். குறைந்த பிராணவாயுவை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது, தட்டணுக்கள் குறைந்துபோகின்றன. அதனால் சில குழந்தைகளுக்கு இரத்தம் கெட்டியாகி ஓட்டம் தடைபடலாம். சிலருக்குக் கசிவு நிற்காமல் போகலாம்.

தட்டணு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்பார்கள். நஞ்சுக் கோளாறால் வரும் குறைவு பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் தெரியும். பத்து நாட்களுக்குள் தானாகவே சரியாகிவிடுவதும் வழக்கம். ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் அந்த நாட்களில் டாக்டர் இரத்தப் பரிசோதனை எழுதினால், "இத்தனை சின்னப் பிள்ளைக்கு ஊசி எதற்கு?" என்று மறுக்கவும் வேண்டாம்.

வைட்டமின் கே ஊசி

எல்லாக் குழந்தைகளுமே வைட்டமின் கே குறைவாகத்தான் பிறக்கின்றன. தாய்ப்பாலிலும் அது மிகக் குறைவு. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பிறந்தவுடன் தொடையில் ஒரே ஒரு ஊசி போட்டால் போதும். ஒரு கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைக்கு 1 மில்லிகிராம், அதற்கும் குறைந்தால் அரை மில்லிகிராம். எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் போட வேண்டும் என்று 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று வாப்பாமார்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போடாத குழந்தைக்கு, ஆறு மாதம் வரையிலும் திடீரென மூளைக்குள் இரத்தம் கசியலாம். இந்த ஊசி தட்டணுக்களைக் கூட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாய் வலிப்பு நோய்க்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிட்டிருந்தால் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவற்றில் சில மருந்துகள் குழந்தையின் வைட்டமின் கேயைக் குறைக்கும்.

உடனே கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள்

• தொப்புளிலோ ஊசி போட்ட இடத்திலோ இரத்தம் நிற்காமல் கசிவது
• அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், காரணமில்லாத கன்றல்கள்
• வாந்தியிலோ மலத்திலோ இரத்தம். மலம் மஞ்சளாக மாறிய பிறகு மீண்டும் தார் போல் கறுப்பது
• பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வெளிறிப்போவது, வீறிட்டு அழுவது, உச்சிக்குழி புடைப்பது, வலிப்பு

முதல் இரண்டு மூன்று நாள் மலம் கரும்பச்சையாக இருப்பது இயல்பு. பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் பிறப்புறுப்பில் சிறிது இரத்தம் தெரிவதும் இயல்பே. சந்தேகமாக இருந்தால் காட்டிவிடுங்கள்.

மேற்கண்ட அறிகுறிகள் இருந்தால் காலை வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, பரிசோதனை, மருந்து, இரத்தம் எல்லாம் இலவசம். செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

சுன்னத்தும் காது குத்தலும்

எடை குறைந்த குழந்தைக்கு ஏழாம் நாளே சுன்னத் செய்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்படலாம். குழந்தை பலவீனமாக இருந்தால் தள்ளிவைப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. வைட்டமின் கே போடப்பட்டிருக்கிறது, தட்டணு சரியாக இருக்கிறது, எடை கூடியிருக்கிறது என்று குழந்தை நல டாக்டர் சொன்ன பிறகு, மருத்துவமனையிலேயே செய்துகொள்வோம். குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். காது குத்துவதற்கும் இதே கவனம் வேண்டும். முடி இறக்குவதாக இருந்தால் கீறல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உம்மாவும் மூமாவும் சேர்ந்து இதைப் படித்து, வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். சுன்னத்தைச் சில மாதங்கள் கழித்துச் செய்யலாம். கசிவு தொடங்கிவிட்டால் நமக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான்.