ஆயிரம் படிகள்: ஒரு சிறு இசைத்தட்டின் வெளியீடு

மேலைநாட்டு இசையுலகில் ‘சிங்கிள்’ என வழங்குவது, ஓரிரு பாடல்களை மட்டும் தாங்கித் தனியே வெளிவரும் சிறு இசைத்தட்டாகும். இதனைத் தனிப்பாடல் என மொழிபெயர்க்க மனம் விழையும். ஆயின் நம் இலக்கிய வரலாற்றில் அச்சொல் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டமையால், ‘தனித்தட்டு’ என்றே இங்குக் குறிப்போம். ‘இண்டி’ என்பது ‘இண்டிபெண்டெண்ட்’ என்னும் சொல்லின் குறுக்கம். இன்று அது ஓர் இசைப்பாணியின் பெயராய் வழங்கினும், முதலில் சுட்டியது பெருநிறுவனங்களைச் சாராத வெளியீட்டு முறையையே. இதற்குப் பஸ்காக்ஸ் குழுவினரின் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ தக்க சான்றாகும். நான்கு பாடல்கள் கொண்டமையால் அதனை நீள்தட்டு வகையில் சேர்ப்பர். எனினும் அளவால் அது தனித்தட்டே.

இங்கிலாந்தின் போல்ட்டன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற ஹோவர்டு டிவோட்டோ, பீட் ஷெல்லி ஆகிய இருவரும் 1976ஆம் ஆண்டு இக்குழுவைத் தோற்றுவித்தனர். அக்காலத்தில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் இலண்டனிலேயே குவிந்திருந்தன. மான்செஸ்டர் இளைஞர்கள் தலைநகரின் கதவைத் தட்டிக் காத்திருத்தலே வழக்கம். இவர்களோ நண்பரிடமும் குடும்பத்தாரிடமும் ஏறத்தாழ 500 பவுண்டு கடன் பெற்றனர்; ஷெல்லியின் தந்தையாரும் கொடுத்துதவினார். 1976 டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரின் இண்டிகோ ஒலிப்பதிவுக்கூடத்தில் மார்ட்டின் ஹேனட்டின் மேற்பார்வையில் பாடல்கள் பதிவாயின. ‘நியூ ஹார்மோன்ஸ்’ எனத் தாமே ஒரு பதிப்பகப் பெயரையும் சூட்டிக்கொண்டனர். 1977 சனவரி 29இல் ஆயிரம் படிகள் வெளிவந்தன.

தட்டின் பெயரையே நோக்குக. ‘சுருட்கீறல்’ என்பது அதன் பொருள். இசைத்தட்டின் மேல் ஊசி செல்லும் வரையன்றி வேறென்ன அது? உறையில் அமைந்த படமும் பொது இடத்தில் உடனடிப் படக்கருவியால் எடுக்கப்பட்ட எளிய படமே. அனைத்தினும் நம் கருத்தைக் கவர்வது உறையில் கண்ட பதிவுக் குறிப்பு. ‘பிரேக்டவுன்’ மூன்றாம் முறை பாடியது, மேற்சேர்க்கை இல்லை. ‘போர்டம்’ முதன்முறை பாடியது, கிதார் மட்டும் பின்னர்ச் சேர்த்தது என்றவாறு ஒவ்வொரு பாடலுக்கும் கணக்குண்டு. பண்டத்தை விற்பவர் அடுக்களைக் கதவையும் திறந்து வைத்தாற்போன்றது இது. கேட்பவன் ‘இவ்வளவுதானா? நாமும் செய்யலாமே’ என எண்ணினான். 1978இல் ஸ்கிரிட்டி பொலிட்டி குழுவினர் இன்னும் ஒருபடி சென்று, தம் தனித்தட்டின் உறையில் செலவுக் கணக்கையே அச்சிட்டுவிட்டனர்!

இப்பாடல்களின் பரபரப்பு மூத்தோர் செவிக்கு இனிக்கும் எனக் கூறத் துணியோம். ‘போர்டம்’ பாடலில் தனிக் கிதார்ப் பகுதி இரண்டே சுரங்களைத் திரும்பத் திரும்ப மீட்டுகிறது. எனினும் சலிப்பைப் பாடும் பாடலுக்கு அதனினும் பொருந்திய இசை எது?

ஆயிரம் படிகளும் விரைவில் விற்றுத்தீர்ந்தன. இலண்டனில் ஜெஃப் டிராவிஸ் 1976இல் தொடங்கிய ‘ரஃப் டிரேடு’ போன்ற கடைகள் இத்தகைய தட்டுகளுக்குச் சந்தையாயின. மீண்டும் மீண்டும் அச்சிட்டு, ஏறத்தாழ 16,000 படிகள் விற்பனையாயின. பணம் திரும்பியது என்பதைவிட, யாருடைய ஒப்புதலுமின்றி ஊரிலிருந்தபடியே ஒரு படைப்பை உலவவிடலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டதே பெரிது.

ஆயினும் தட்டு வெளிவந்த சில வாரங்களிலேயே டிவோட்டோ குழுவை விட்டு நீங்கினார். எஞ்சியோர் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ‘யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்னும் பெருநிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இதனைக் கொள்கைப் பிறழ்ச்சி எனச் சாடுவோர் உளர். நாம் அவ்வாறு கொள்ளோம். கடன் பணத்தில் ஒரு தட்டை வெளியிடுதல் வேறு. அதையே பிழைப்பாக்கி, நாடெங்கும் கடைதோறும் தட்டைச் சேர்ப்பித்தல் வேறு. அதற்குரிய வழங்கல் வலை 1977இல் சிறு பதிப்பாளர் கையில் இல்லை. அவ்வலையைப் பின்னும் பணியை ரஃப் டிரேடு போன்றோர் அடுத்த சில ஆண்டுகளில் மேற்கொண்டனர். ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ 1979இல் மறுவெளியீடு கண்டபோது, பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 31ஆம் இடத்தை எட்டியது. உறையில் ‘ஹோவர்டு டிவோட்டோவுடன்’ என்னும் சொற்கள் புதிதாய்ச் சேர்ந்திருந்தன.