ஏழாம் லெவல் டிரெய்னர்: கொடுத்த காசுக்கு ஈடா?

பஸ்ஸர்பீட்டர் என்ற கூடைப்பந்து மேலாண்மை விளையாட்டு 2007 முதல் இணையத்தில் இருக்கிறது. இதில் பந்தை நாம் தொடவே மாட்டோம். ஆட்களை வாங்குவது, விற்பது, டிக்கெட் விலை வைப்பது, யாரை எந்த இடத்தில் இறக்குவது, இந்த வாரம் என்ன பயிற்சி என்று முடிவு செய்வது, இவ்வளவுதான் வேலை. ஆட்டம் நடக்கும்போது நாம் விழித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். குன்றத்தூரில் கம்பெனி பஸ் ஏறினால் ஒரகடம் கேட் வருவதற்குள் வாரத்து முடிவுகளை எல்லாம் எடுத்து முடித்துவிடலாம்.

புதிதாகச் சேர்கிறவர்களின் கை முதலில் போவது டிரெய்னர் மேல்தான். 1 முதல் 7 வரை லெவல் உண்டு. லெவல் ஏற ஏற வாங்கும் விலையும் வாரச் சம்பளமும் எகிறும். சுற்றியுள்ள நம்பிக்கைகளும் அதே வேகத்தில் எகிறுகின்றன.

நம்பிக்கை: ஏழாம் லெவல் டிரெய்னரைப் பிடித்துவிட்டால் பசங்க தானாக வளருவாங்க.

உண்மை: டிரெய்னர் வெறும் பெருக்கல் எண். அவர் எதைப் பெருக்கப்போகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு வீரனுக்கு அந்த வாரப் பயிற்சி முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், பயிற்சிக்குரிய நிலையில் (பொசிஷனில்) அவன் 48 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். ஓர் ஆட்டமே 48 நிமிடம்தான். வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்றால் ஒரு நிலைக்கு மொத்தம் 144 நிமிடம். ஆகவே ஒரு நிலைப் பயிற்சியில் முழுப் பலன் மூன்றே பேருக்கு. நான்காவது ஆளை நுழைத்தால் யாரோ ஒருவருடைய நிமிடத்தில்தான் கைவைக்க வேண்டும். இரண்டு நிலைகளுக்குச் சேர்த்துப் பயிற்சி வைத்தால் ஆறு பேர் வரை நனைவார்கள், ஆனால் ஒவ்வொருவர் மேலும் விழுவது தூறல்தான்.

பெரும்பாலான அணிகள் தடுமாறுவது இங்கேதான். ஜெயிக்க வேண்டிய லீக் ஆட்டத்தில் 18 வயதுப் பையனை முழு நேரமும் இறக்க யாருக்கும் மனசு வராது. அவனை 20 நிமிடத்தில் வெளியே எடுத்து அனுபவசாலியை உள்ளே விடுகிறோம். அந்த வாரம் ஏழாம் லெவல் டிரெய்னர் முழுச் சம்பளமும் வாங்கிக்கொண்டு அரைகுறை நிமிடங்களைப் பெருக்குகிறார். நம் பக்கத்து வாகன ஆலைகளில் புதிதாகச் சேர்ந்தவருக்கு டோஜோ என்ற பயிற்சிக்கூடத்தில் போல்ட் முறுக்கச் சொல்லித் தருவார்கள். சொல்லித் தருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்தப் பையனை உடனே லைனில் நிறுத்தாவிட்டால் கற்றது கையில் தங்காது. இதுவும் அதே கதை.

நிமிடம் சரியாக அமைந்த பிறகும் வயது இருக்கிறது. 18, 19 வயதில் ஏறும் வேகம் 25-இல் இருக்காது. உயரமும் கணக்கில் வரும். நெட்டையனுக்குக் கூடைக்கு அடியில் ஆடும் திறன்கள் சீக்கிரம் ஏறும், குட்டையனுக்கு வெளியிலிருந்து ஆடும் திறன்கள். போதாததற்கு ஒவ்வொருவனுக்கும் ‘பொட்டென்ஷியல்’ என்று ஓர் உச்சவரம்பு. அதை எட்டியவனை எந்த டிரெய்னராலும் பெரிதாக நகர்த்த முடியாது.

நம்பிக்கை: இரண்டு மடங்கு சம்பளம் என்றால் இரண்டு மடங்கு வேகம்.

உண்மை: ஒரு பேச்சுக்கு, மேல் லெவல் ஆள் பத்து சதவீதம் வேகமாகச் சொல்லித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீசன் 14 வாரம். மற்றவர் 14 வாரத்தில் முடிப்பதை இவர் பன்னிரண்டே முக்காலில் முடிப்பார். மிச்சம் ஒன்றேகால் வாரம். அதற்காக 14 வாரமும் கூடுதல் சம்பளம் போகிறது, அந்தச் சம்பளமும் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். கீழ் லெவலிலிருந்து நடு லெவலுக்கு ஏறுவது லாபம் என்பேன். ஆறிலிருந்து ஏழுக்குத் தாவுவது பெரும்பாலும் கௌரவச் செலவு.

நம்பிக்கை: நிஜப் பணம் கட்டினால் நல்ல டிரெய்னர் கிடைப்பார்.

உண்மை: டிரெய்னரை வாங்குவது ஆட்டத்துக்குள் சம்பாதித்த பணத்தில்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்த பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு வகை வேறு, இது வேறு. வீட்டில் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

நம்பிக்கை: நிஜக் கூடைப்பந்தில் பெரிய பேர் எடுத்த கோச் வந்தால் போதுமே!

உண்மை: இந்திய ஆண்கள் அணிக்கு 2011-இல் கென்னி நாட் வந்தார். என்பிஏவில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியின் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அதிக நாள் தங்கவில்லை. 2012-இல் ஸ்காட் ஃப்ளெமிங் வந்தார். அவர் அதற்குமுன் டெக்ஸஸ் லெஜெண்ட்ஸ் என்ற வளர்ச்சி லீக் அணியில் உதவிப் பயிற்சியாளர். பெயரை வைத்து லெவல் போட்டால் நாட்தான் மேலே. ஆனால் 2014 ஜூலையில் ஊஹானில் நடந்த ஆசியக் கோப்பையில், சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 65-58 என்று இந்தியா வீழ்த்தியது ஃப்ளெமிங் காலத்தில். அம்ரித்பால் சிங், அம்ஜ்யோத் சிங் போன்றவர்கள் அதற்குள் சர்வதேச ஆட்டங்களில் நிறைய நிமிடம் ஆடித் தேறியிருந்தார்கள். ஃப்ளெமிங்குக்குக் காலமும் கிடைத்தது, பெருக்குவதற்கு ஆட்களும் கிடைத்தார்கள்.

சென்னைக்கும் இதில் ஒரு பழைய உதாரணம் உண்டு. 1891-இல் கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் மதராஸில் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் தனக்கென்று ஓர் அணியை வளர்க்க வந்தவரல்ல, பயிற்சியாளர்களையே உருவாக்க வந்தவர். அப்படி ஒரு டிரெய்னர் பஸ்ஸர்பீட்டர் சந்தையில் கிடைக்கமாட்டார்.

நம்பிக்கை: பையன் சீக்கிரம் வளர்ந்தால் எப்படிப் பார்த்தாலும் லாபம்தான்.

உண்மை: சீசன் முடிவில் வீரர்களின் சம்பளம் அவர்களுடைய திறனை வைத்துப் புதிதாகக் கணக்கிடப்படும். மூன்று பேரைச் செதுக்கி முடித்த சந்தோஷத்தில் இருப்பவருக்கு அடுத்த சீசனின் முதல் வாரச் சம்பளப் பட்டியல் தூக்கிவாரிப்போடும். விற்பதற்காக வளர்த்தவர்களை அதற்கு முன்பே டிரான்ஸ்ஃபர் லிஸ்டில் ஏற்றிவிட வேண்டும். அடுத்த மூன்று பொடியன்கள் கையில் இல்லாவிட்டால், அதே கையோடு டிரெய்னரின் லெவலையும் குறைத்துக்கொள்வது நல்லது.