பிம்-ஏ படத்தைத் திறக்கும் முன்

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து உயிர்வேதியியல் படிக்கவும் ஆய்வுக்கூட வேலை பழகவும் வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நம் கெடா மண்ணில் குடியிருக்கும் மெலியோய்டோசிஸ் கிருமியையும், அதன் மேற்பரப்பில் இருக்கும் பிம்-ஏ என்ற புரதத்தின் வடிவப் படத்தையும் வைத்தே பேசுகிறேன்.

1. முதலில் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள். 1912-ல் இதை முதன்முதலாக விவரித்து எழுதியவர்கள் ரங்கூனில் இருந்த விட்மோரும் அவருடன் வேலை செய்த கிருஷ்ணசாமியும். நம் ஊர்க் கணக்கு அலோர் ஸ்டார் வட்டாரத்துடையது. 2005 முதல் 2008 வரை வந்த நோயாளிகளை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 16 பேருக்கு நோய். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்பு நீர் உள்ளவர்கள். சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகிறது. நுரையீரலைப் பிடித்தால் காசநோய் என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் திரையில் சுற்றிப் பார்க்கப் போகும் மூலக்கூறு இப்படிப்பட்ட மனிதர்களைத் தாக்கும் கிருமியுடையது.

2. கல்ச்சர் தட்டை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். பழைய ஆட்கள் மோந்து பார்த்தே பேர் சொல்வார்கள். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துப் பழகிவிடாதீர்கள். சந்தேகம் வந்த நிமிடமே தட்டைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வையுங்கள். ஆஷ்டவுன் அகாரில் சில நாள் கழித்துச் சுருக்கம் விழுந்த ஊதாக் காலனிகள் தெரியும். கிராம் சாயத்தில் கிருமியின் இரண்டு முனையும் நிறமேறி நடுப்பகுதி வெளிறி, ஊக்கு மாதிரி இருக்கும். ஜெண்டாமைசின் மருந்துக்குக் கிருமி அடங்காது என்று பாடம் சொல்லும். ஆனால் சரவாக்கில் எடுத்த கிருமிகளில் பெரும்பாலானவை அடங்கிவிட்டன. பாடம் எந்த ஊரில் எழுதப்பட்டது என்றும் பாருங்கள்.

3. வடிவத்தைக் கேட்பதற்கு முன் வேலையைக் கேளுங்கள். பிம்-ஏ என்ன செய்கிறது என்று 2005-ல் தெரிய வந்தது. கிருமி நம் உயிரணுவுக்குள் புகுந்து, தன்னைச் சுற்றியிருக்கும் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கிருமியின் ஒரு முனையில் மட்டும் பிம்-ஏ இருக்கும். நம் உயிரணு தன் சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும் ஆக்டினைப் பிடித்து, பிம்-ஏ அந்த முனையில் இழை இழையாகக் கோக்கும். இழை வளர வளரக் கிருமி முன்னே தள்ளப்பட்டு, பக்கத்து உயிரணுவுக்குள் போய்விடும். ரத்தத்துக்கு வராமலே வீடு மாறிவிடுவதால் எதிர்ப்பணுக்கள் அதைப் பார்ப்பதே கஷ்டம். இன்னொன்றையும் 2015-ல் கண்டார்கள்: ஆக்டினை நீட்டுவதற்கு நம் உடம்பிலேயே உள்ள எனா, வாஸ்ப் புரதங்களின் வேலையை பிம்-ஏ அப்படியே நடித்துக் காட்டுகிறது. இதெல்லாம் தெரிந்த பிறகு படத்தைத் திறந்தால், ஆக்டின் எங்கே ஒட்டும் என்று கண் தானாகத் தேடும்.

4. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. இதே கிருமியில் என்ன வேலை செய்கிறது என்றே தெரியாமல் கிடந்த ஒரு புரதத்தின் வடிவத்தை ஷெஃபீல்ட் பல்கலைக்கழகமும் நம் மலேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டார்கள். 2011-ல் வெளியானது. எழுத்து வரிசையில் ஒற்றுமை தெரியாத ஒரு ஈ.கோலை நஞ்சின் மடிப்பு அதில் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனதில், நம் உயிரணு புரதம் செய்யும் எந்திரத்தில் ஒரே ஒரு குளுட்டமினை மாற்றி அதை நிறுத்திவிடும் நஞ்சு என்று புரிந்தது. அது மேற்பரப்புப் புரதமல்ல. ஆனாலும் படியுங்கள், நம் நாட்டு வேலை.

5. எது பார்க்கப்பட்டது, எது ஊகிக்கப்பட்டது என்று பிரித்துக் கேளுங்கள். நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். பிம்-ஏ மூன்று சங்கிலிகள் சேர்ந்தது. வால் பக்கம் வெளிச்சவ்வில் பீப்பாய் போல் பதிந்திருக்கும். சங்கிலிக்கு நான்கு என்று மொத்தம் 12 பட்டைகள். இந்தப் பீப்பாயைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி, ஹீமோபிலஸ் கிருமியின் ஹியா என்ற புரதத்தைப் படிகமாக்கி 2006-ல் கண்டதிலிருந்து வந்தது. அதாவது பங்காளி வீட்டுச் சாட்சி. சவ்வில் பதிந்த புரதத்தைப் படிகமாக்குவது பெரும்பாடு. அதனால் பலரும் ஒரு துண்டை வெட்டியெடுத்துத்தான் வளர்ப்பார்கள். படத்தின் கீழே எந்த அமினோ அமிலத்திலிருந்து எதுவரை என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் படத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

6. ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் கொடுப்பது கணிப்பு. நீலம் நம்பத் தகுந்தது. ஆரஞ்சு நிறத்தில் நூல் சிதறியதுபோல் வரும் இடம் நம்பத்தகாதது, பல நேரம் அங்கே நிலையான வடிவமே இருக்காது. பிம்-ஏயின் புரோலின் நிறைந்த பகுதியில் நிறத்தைக் கட்டாயம் பாருங்கள். இன்னொன்று: ஒரு சங்கிலியை மட்டும் கொடுத்தால் ஒரு சங்கிலியைத்தான் கணிக்கும். மூன்றாகக் கொடுக்காமல் வந்த படத்தைச் சுவரொட்டியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மாணவர்களை ஒவ்வொரு கருத்தரங்கிலும் பார்க்கிறேன்.

7. சங்கிலி திரும்பும் கோணங்களைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். 1963-ல் மதராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் போட்டது. இன்றும் உலகத்தில் எந்தப் புரதப் படம் வந்தாலும் அதில்தான் சோதிக்கிறார்கள். வரம்புக்கு வெளியே விழும் புள்ளி பிழையாகவும் இருக்கலாம், புரதத்தின் முக்கியமான இடமாகவும் இருக்கலாம். போய்ப் பாருங்கள்.

8. இந்தக் கிருமியின் ஒரு வகையில் கண்ட படத்தை எல்லா வகைக்கும் பொருத்தாதீர்கள். ஆஸ்திரேலியாவில் இதே கிருமியின் சில வகைகளில் பிம்-ஏ வேறு மாதிரி. அது உள்ளவர்களிடம் மூளை, நரம்பு பாதிப்பு அதிகம் காணப்பட்டது.

9. லீவில் வீட்டுக்குப் போனால் என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். மூன்று சங்கிலிக் கதை வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர் மழை நாளில் பூட்ஸ் சப்பாத்து இல்லாமல் சேற்றில் இறங்கக் கூடாது, புண்ணை மூடிக் கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே நோய் வந்தவரிடம், குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசியோடு வேலை முடியவில்லை, அதன் பிறகு மூன்று மாதமாவது மாத்திரை உண்டு என்று சொல்லுங்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி எண்ணிப் பாருங்கள்.