எந்த அப்பாவின் கதை?

ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். அதையொட்டி, உங்கள் வட்டாரத்தில் உள்ள சிறுவர்களுக்கு ஒரு கதை படித்துக்காட்டும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய தொண்டூழியம் சிங்கப்பூருக்குப் புதிதன்று. தேசிய நூலக வாரியம் 2004ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கிட்ஸ்ரீட்’ திட்டத்தின்கீழ், தொண்டூழியர்கள் நான்கு முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கதை படித்துக்காட்டி வருகிறார்கள். நீங்களும் நூலகத்திற்குச் செல்கிறீர்கள். அப்பாவைப் பற்றிய படநூல்கள் பல இருக்கின்றன. அவற்றுள் எதை எடுப்பது?

முதலில், எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். அப்பா கடைசிப் பக்கத்தில் மட்டும் தலைகாட்டுகிறாரா? அல்லது கதை முழுவதும் பிள்ளைக்காக ஏதேனும் செய்துகொண்டிருக்கிறாரா? எரிக் கார்ல் 1986இல் வெளியிட்ட ‘பாப்பா, பிளீஸ் கெட் த மூன் ஃபார் மி’ என்னும் நூலில், மகள் நிலாவைக் கேட்கிறாள். அப்பா மிக நீளமான ஏணியைத் தூக்கிக்கொண்டு மலையுச்சிக்குப் போகிறார். ஏணி பக்கவாட்டில் நீள்கிறது. பிறகு மேல்நோக்கி உயர்கிறது. அதற்கேற்ப நூலின் பக்கங்களும் மடிப்பு மடிப்பாக விரிகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் இந்தக் கதை புரியும்.

அடுத்து, கதையில் வரும் அப்பா தவறே செய்யாதவராக இருக்க வேண்டியதில்லை. மோ வில்லம்ஸின் ‘நஃபல் பன்னி’ 2004இல் வெளிவந்தது. இன்னும் பேசத் தெரியாத மகளுடன் அப்பா சலவைக் கடைக்குப் போகிறார். திரும்பும் வழியில், தன் முயல் பொம்மை காணாமற்போனதை அவள் சொல்ல முயல்கிறாள். அவருக்குப் புரியவில்லை. அவள் அழுது அடம்பிடிக்கிறாள்; அவருக்கும் எரிச்சல் வருகிறது. வீட்டு வாசலில் அம்மா கேட்ட பிறகே பொம்மை இல்லாதது தெரிகிறது. உடனே அனைவரும் கடைக்கு ஓடுகிறார்கள். அப்பா சலவை இயந்திரத்துக்குள் துழாவித் தேடுகிறார். தவறு நேர்ந்த பின்னும் அதைச் சரிசெய்ய முயலும் அப்பாவைக் குழந்தைகள் இந்நூலில் காண்கிறார்கள்.

உங்கள் முன் அமரும் பிள்ளைகளுள் சிலருடைய அப்பா இரவு வேலைக்குச் செல்பவராக இருக்கலாம். பகலில் தூங்கும் அவருக்குத் தம்மீது அன்பில்லை என்று அப்பிள்ளை நினைத்திருக்கவும் கூடும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு, 2017இல் வெளிவந்த ‘எ டிஃபரென்ட் பாண்ட்’ ஏற்ற நூல். வியட்நாமிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்றின் கதை இது. விடிவதற்குமுன் அப்பாவும் மகனும் மீன்பிடிக்கச் செல்கிறார்கள். அது பொழுதுபோக்கு அன்று. அந்த மீன்தான் இரவு உணவு. அப்பாவுக்கு இரண்டு வேலைகள். அந்த இருட்டு வேளையை அவர் மகனுடன் செலவிடுகிறார். இந்நூல் 2018ஆம் ஆண்டில் ‘கால்டிகாட் ஹானர்’ என்னும் சிறப்பைப் பெற்றது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. கதை கேட்கும் பிள்ளைகளுள் ஒருவருக்கு அப்பா இல்லாமல் இருக்கலாம், பிரிந்து வாழலாம், அல்லது வெளிநாட்டில் வேலை செய்யலாம். அதற்காக அப்பாவின் கதையையே தவிர்க்க வேண்டுமா? அந்தோனி பிரவுன் என்னும் ஓவியருக்குப் பதினேழு வயதானபோது அவருடைய தந்தை இறந்துவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, தந்தை அணிந்த பழைய கட்டம்போட்ட அங்கி அவர் கண்ணில் பட்டது. அதன் விளைவாகப் பிறந்ததே 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மை டாட்’. சிரிக்கவைக்கும் அந்நூலில் அப்பா அதே அங்கியுடன்தான் வலம்வருகிறார். இல்லாத அப்பாவைப் பற்றியும் மகிழ்ச்சியோடு பேசலாம் என்பதற்கு அந்நூலே சான்று.

எனவே, நூலை மாற்றுவதைவிட நாம் கேட்கும் கேள்வியை மாற்றுவது நல்லது. “உன் அப்பா உன்னை எங்கே அழைத்துச் செல்வார்?” என்று கேட்டால், ஒரு பிள்ளை தலைகுனியக்கூடும். “உன்னை வெளியே அழைத்துச் செல்பவர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். தாத்தா, மாமா, அம்மா, அண்ணன் என்று பல பதில்கள் வரும். எந்தப் பிள்ளையும் ஒதுங்கி நிற்க வேண்டியிராது.

தேர்ந்தெடுத்த நூலை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அது ஆங்கில நூலாக இருந்தால், படங்களைக் காட்டி எளிய தமிழில் கதையைச் சொல்லலாம். கதை முடிந்ததும் அறிவுரை கூறத் தேவையில்லை. குழந்தைகள் விரும்பிய பக்கத்தை மீண்டும் பார்க்க விடுங்கள்.

நூலகத்தில் ஒரு படநூலைக் கையில் எடுக்கும்போது, “இது நல்ல நூலா?” என்று மட்டும் எண்ணாமல், “இதை யார் கேட்கப்போகிறார்கள்?” என்றும் எண்ணிப் பாருங்கள். அந்தக் குழந்தையின் வீட்டை நினைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நூலே அதன் மனத்தில் இடம்பிடிக்கும்.