எந்தச் சுவருக்கு எந்த பிட்?

கர்ட்டன் ராடு மாட்ட ஆள் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பார். எந்த ஞாயிறு என்று சொல்ல மாட்டார். அதனால்தான் இப்போது நிறைய தங்கச்சிகள் டிரில்லிங் மெஷினைத் தாங்களே வாங்கிவிடுகிறார்கள். ரொம்ப நல்ல காரியம். ஆனால் வாங்கிய ஒரு மாதத்தில் "அக்கா, மெஷின் சரியில்லை, சுவரில் இறங்கவே மாட்டேங்குது" என்று புகார் வந்துவிடும். மெஷின் பாவம், சுற்றுவது மட்டும்தான் அதன் வேலை. துளை போடுவது பிட். மரத்துக்கான பிட்டைக் கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் எந்த மெஷினும் கையை விரிக்கத்தான் செய்யும்.

முதலில் முனையைப் பார்க்கக் கற்றுக்கொள். சுவருக்கான பிட்டின் நுனியில், தண்டைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரு சின்னத் தகடு குறுக்கே பதிந்திருக்கும். அது டங்ஸ்டன் கார்பைடு. தொட்டால் மழுங்கல் மாதிரிதான் இருக்கும், பயப்படாதே. அது வெட்டுவதில்லை, இடித்து நொறுக்குகிறது. இரும்புக்கான பிட்டில் தனித் தகடு கிடையாது. தண்டே முனை வரை ஒரே உலோகம், விளிம்பு கூர்மை, தண்டின் அடியில் 'எச்.எஸ்.எஸ்.' என்று பொறித்திருக்கும். மரத்துக்கான பிட்டில் நடுவில் ஊசி மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அது இடம் நகராமல் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் காடி வெட்டிய பிட் என்றால் அது ரோட்டரி ஹாமருக்கு உரியது. வீட்டு மெஷினில் பிட்டைக் கவ்வும் சாதாரண சக்கில் அதைத் திணிக்காதே.

சுவர் வேலைக்கு மெஷினில் சுத்தியல் படம் போட்ட பக்கம் பட்டனைத் தள்ள வேண்டும். சுவரில் மட்டும்தான், அதிலும் செங்கல், கான்கிரீட்டுக்கு மட்டும்தான். இப்போது அடுக்குமாடிகளில் கட்டும் வெள்ளை நிற லேசான பிளாக்குக்கும், உள்ளே பொந்து இருக்கும் ஹாலோ பிளாக்குக்கும் சுத்தியல் வேண்டாம். துளை பெரிதாகி, திருகாணிக்காகச் செருகும் பிளாஸ்டிக் பிளக் கழன்று விழும். என்ன சுவர் என்று தெரியவில்லையா? வரும் தூளைப் பார். சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் என்றால் கான்கிரீட். முதலில் வருவது எப்படியும் சிமென்ட் பூச்சுதான். அதுவே 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பிளக் பூச்சோடு நின்றுவிட்டால் ஒருநாள் ஷெல்ஃபோடு சேர்ந்து கீழே வரும். 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட். ஆழம் பிளக்கின் நீளத்தைவிட அரை சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். அந்த அளவில் பிட்டில் டேப் சுற்றிக்கொண்டால் கண்ணுக்குக் கணக்கு தெரியும். நடுநடுவே பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டவிடு, கடைசியில் துளையைச் சுத்தம் செய். தூள் மிச்சமிருந்தால் பிளக் பிடிக்காது. தூண், பீமில் போடும்போது திடீரென்று இறங்காமல் நின்றுவிட்டால் உள்ளே கம்பி. மல்லுக்கட்டாதே, இரண்டு விரல் தள்ளி வேறு இடம் பார்.

பாத்ரூம் டைல்ஸ்தான் எல்லோரும் பயப்படும் இடம். பயப்படவும் வேண்டும். சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல்ஸுக்கு ஈட்டி முனை கார்பைடு பிட் போதும். விட்ரிஃபைடு டைல்ஸோ கிச்சன் கிரானைட்டோ அதற்கு மசியாது. அவற்றுக்கு நுனியில் வைரத்தூள் பதித்த குழாய் மாதிரியான பிட் தனியாக இருக்கிறது. எதுவானாலும் சுத்தியல் பட்டன் அணைந்திருக்க வேண்டும், வேகம் குறைவாக இருக்க வேண்டும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டு, முனை வழுக்காது. வைர பிட்டை முதலில் சாய்த்துப் பிடித்து, பிறை வடிவில் ஒரு கீறல் விழுந்ததும் மெதுவாக நிமிர்த்து. நேராக வைத்து ஆரம்பித்தால் டைல்ஸ் முழுக்க அது கோலம் போடும். சூடுதான் வைர பிட்டுக்கு எமன், அதனால் தண்ணீர் வேண்டும். ஆனால் கரண்ட்டில் ஓடும் மெஷின் என்றால் ஓடும்போது தண்ணீர் தெளிக்கும் சாகசம் வேண்டவே வேண்டாம். கொஞ்ச நேரம் ஓட்டு, நிறுத்து, முனையை ஈர ஸ்பாஞ்சில் ஒற்று, மறுபடி ஓட்டு. டைல்ஸைத் தாண்டியதும் சுவர் பிட்டுக்கு மாறிக்கொள். பிளக்கை டைல்ஸ் தடிமனைத் தாண்டி உள்ளே தட்டிவிடு. பலர் விடுவது இதைத்தான். பிளக் டைல்ஸுக்குள்ளேயே நின்றால், திருகாணி இறங்கி அது விரியும்போது டைல்ஸ் விரிசல் விடும். டஃபன்டு கண்ணாடியில் மட்டும் எந்த பிட்டையும் வைக்காதே. அதில் துளை விழாது, மொத்தமாக நொறுங்கும்.

அடுத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சிங்கில் வாட்டர் ஃபில்டர் குழாய்க்குத் துளை போட நினைத்து பிட்டை எரித்தவர்கள் ஏராளம். வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் இறங்கும் என்று நினைப்பதுதான் கோளாறு. இந்த ஸ்டீலுக்கு ஒரு கெட்ட குணம்: மேலே உரசிக்கொண்டே இருந்தால் உரசிய இடம் இன்னும் கெட்டியாகிவிடும். அப்புறம் பிட்தான் தேயும். வீட்டு மெஷின்கள் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,800 சுற்று வாக்கில் ஓடும். 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு ஸ்டெயின்லெஸில் 500 சுற்று போதும். விரலை ட்ரிக்கரில் லேசாக வை, உடம்பின் பலத்தை மெஷின் மேல் வை, இரண்டு சொட்டு கட்டிங் ஆயில் விடு. சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரியாகப் போகிறது. கிறீச்சென்று கத்திக்கொண்டு தூளாக வந்தால் நிறுத்து, பிட் மழுங்கிவிட்டது. இந்த வேலைக்குக் கோபால்ட் கலந்த பிட் வாங்கு, காசு வீணாகாது. பெரிய துளையை ஒரேயடியாகப் போடாமல் 4, 8, 12 என்று படிப்படியாகப் போ.

மரத்தில் சொல்ல அதிகமில்லை. திருகாணிக்கு முன் அதைவிட மெல்லிய பிட்டால் ஒரு துளை போட்டுவிட்டால் பலகை பிளக்காது. பிளைவுட்டின் பின்னால் ஒரு கழிவுக் கட்டையை அணைத்து வைத்தால் மறுபக்கம் சிராய் பெயராது.

இனி பராமரிப்பு. நூறு பிட் ஒரே பெட்டியில் மலிவு விலைக்கு வருகிறதே, அதில் பாதி சாதாரண கார்பன் எஃகாக இருக்கும். முனை நீலம் பாரித்த நிமிடமே அதன் கெட்டித்தன்மை போய்விட்டது. எச்.எஸ்.எஸ். அப்படியல்ல. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டெய்லர், ஒயிட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இந்த வகை எஃகைக் காட்டியபோது, வெட்டும் முனை செக்கச்செவேலென்று ஒளிர்ந்தபடியே இரும்பைச் சீவியதாம். அதற்காக நீயும் சிவக்க வைக்காதே. தங்க நிறத்தைப் பார்த்தும் மயங்காதே. டைட்டானியம் நைட்ரைடு பூச்சு நல்லதுதான், ஆனால் வெறும் நிறத்தைப் பூசி விற்பவர்களும் உண்டு.

வேலை முடிந்ததும் புரியில் சிக்கிய சீவலைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடு. மரப்பிசின் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடை. கடற்கரை ஊர்க்காரி என்றால் ஒரு சொட்டு மெஷின் ஆயில் தடவாமல் பெட்டியை மூடாதே, உப்புக்காற்றில் சீக்கிரமே துரு ஏறும். டப்பாவில் மொத்தமாகப் போட்டுக் குலுக்கினால் ஒன்றோடொன்று மோதி முனை உடையும். சக் சாவியால் ஒரு துளையில் மட்டும் முறுக்காமல் மூன்று துளையிலும் முறுக்கு. பிட் வழுக்கிச் சுற்றினால் தண்டு கீறி, அடுத்த முறை நேராகவே நிற்காது.

மழுங்கிய இரும்பு பிட்டைத் தூக்கிப் போடாதே. பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்தால் சாணை பிடித்துத் தருவார்கள். முனைக்கோணம் 118 டிகிரி, இரண்டு உதடும் ஒரே நீளம். ஒன்று கூடினால் துளை அளவு மீறும். கையால் அதைப் பழக நாளாகும். சுவர் பிட்டின் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லில் தேயாது. அது உடைந்தால் புதிது வாங்குவதுதான் லாபம்.

வீட்டுக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டால், 6, 8 மில்லிமீட்டரில் சுவர் பிட், 3, 4, 6-ல் நல்ல எச்.எஸ்.எஸ்., இவ்வளவுதான். டைல்ஸ் பிட்டைத் தேவை வரும்போது வாங்கு.

கண்ணாடி அணிந்துகொள், சுவர்த் தூளுக்கு மாஸ்க் போட்டுக்கொள். துப்பட்டாவும் பின்னலும் மெஷின் பக்கம் தொங்கக் கூடாது. கையுறையும் வேண்டாம், பிட்டில் சிக்கினால் விரலையும் இழுக்கும். பிட் மாற்றுமுன் மெஷினின் கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிடு. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் துளை போடாதே. வயர் அந்த வழியாகத்தான் போகும்.